பூந்தி அடங்கிவிட்டது

வாஷிங் மெஷினைப் பார்த்தாலே வீடே அதிரக் கத்திக்கொண்டிருந்த பூனை பூந்தி, டாக்டர் கொடுத்த மாத்திரையை மீனில் வைத்துக் கொடுத்ததும் பெட்டிப்பாம்பாய் அடங்கிவிட்டது. மெஷினுக்கு அடியில் நிஜப் பாம்பு இருப்பது தெரிந்த இன்னொரு ஜீவன் சுவரிலிருந்த பல்லிதான். அது பூந்தியைக் கூப்பிட்டது.

"பூந்தி, கத்துடி! பாம்பு வெளிய வருது!"

"வரட்டுமே," என்று கொட்டாவி விட்டது பூந்தி. "இப்பல்லாம் எனக்கு எதுவுமே பெருசாத் தெரியல."

சோபாவில் உட்கார்ந்து போன் பேசிக்கொண்டிருந்த எஜமானி தமயந்தியின் காலடிக்கே பாம்பு வந்துவிட்டது.

"மாத்திரை நல்லா கேக்குதுக்கா. இனிமே வீட்டுல ஒரு தொல்லையும் இல்ல," என்றாள் தமயந்தி.

பல்லி உயிரைக் கொடுத்துக் கத்தியது.

"பாத்தியாக்கா, பல்லியே சொல்லிடுச்சு!" என்று சிரித்த தமயந்தி, தரையில் விரலால் தட்டுவதற்காகக் குனிந்து கையை நீட்டினாள்.