பெற்றோல் மணம்

ஆயிரத்துத் தொளாயிரத்து நாற்பத்திரண்டு, திருகோணமலைத் துறைமுகம். போர்விமானங்கள் போட்ட குண்டு விழுந்து பிளந்த பீப்பாய்களிலிருந்து வழிந்த பெற்றோல், சித்திரை வெயிலில் ஆவியாகித் தரையோடு கானலாய் நெளிகிறது. காயம்பட்டவர்களை ஏற்றிய லொறியை இயக்கப் போகிறார், எல்லாரும் அண்ணன்முறையில் காக்கா என்றழைக்கும் சாரதி அசனார். பின்னால், இரத்தத்தில் கிடக்கும் தம்பியின் தலையை மடியில் தாங்கியிருக்கும் காத்தமுத்து, மணத்தை உணர்ந்து பதறி, தலையை மெல்ல இறக்கி வைத்துவிட்டுக் கீழே குதிக்கிறான். "எஞ்சினைப் போடாதேங்கோ காக்கா! குழாயால வாற சூட்டுப் புகையே காணும், பெற்றோல் ஆவி நெருப்புப் பிடிச்சு எல்லாரும் எரிஞ்சுபோவம்." "நேரம் போனா உன்ட தம்பி தாங்கமாட்டானேடா." "தெரியும். தள்ளுவம், வாங்கோ." அசனாரும் அங்கு நின்ற துறைமுகக் கூலியாட்கள் நால்வரும் அவனோடு தோள்கொடுக்கிறார்கள். சக்கரங்கள் மணலில் மெல்ல மெல்ல நகர்கின்றன. உள்ளே தம்பி முனகுகிறான்; பிறகு முனகல் நிற்கிறது. காத்தமுத்து தலையைத் தூக்காமல் தள்ளுகிறான். மணம் விட்டுப்போன திருப்பத்தில்தான் நிமிர்கிறான். "இனிப் போடுங்கோ காக்கா. மற்ற ஆக்களுக்கு இன்னும் உயிர் இருக்கு."