உறைக்கு எடுத்த அளவு

கிடார் ஆம்ப்ளிஃபயரின் ஹெட்டை மட்டும் ஆசையாக வாங்கிவந்த பிறகுதான், ஸ்பீக்கர் பெட்டி இல்லாமல் அது வாயே திறக்காது என்று நம் வித்வானுக்குத் தெரிந்தது. அவர் வாசிப்புக்கு இதுவரை கிடைத்த ஒரே மரியாதை, பக்கத்து வீட்டுக்காரர் சுவரில் தட்டியது. அதையும் தாளம் என்றே எடுத்துக்கொண்டவர்.

பெட்டி வாங்கப் போனபோது மனைவியும் கிளம்பிவிட்டாள். தையல்காரி, கைப்பையில் எப்போதும் டேப் இருக்கும்.

"ஒத்தை ரூமுக்கு இந்த ஒரு ஸ்பீக்கர் வச்ச பெட்டியே போதும் சார். உங்க ஹெட்டுக்கும் பொருந்தும்" என்றார் கடைக்காரர்.

மனைவி டேப்பை வைத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். "இது வேணாங்க."

அடுத்து, இரண்டு ஸ்பீக்கர் வைத்த பெட்டியை அளந்தாள். "ம்ஹூம்."

நாலு ஸ்பீக்கர் வைத்த பெட்டி ஃபிரிட்ஜில் பாதி இருந்தது. அளந்ததும் அவள் முகம் மலர்ந்தது. "இதையே எடுங்க. உங்க வாசிப்புக்கு இதுதான் சரி."

உறை தைக்கத்தான் அளக்கிறாள் என்று வித்வான் பூரித்துப்போனார். இவளையா ரசனை இல்லாதவள் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தோம்!

"வீட்டுக்கு அனுப்பிடவா?" என்றார் கடைக்காரர்.

"வேணாம். இவர்கூட டிரம்ஸ் அடிக்கிற அண்ணன் வீட்டு ஷெட்டுக்கு அனுப்பிடுங்க" என்றாள் மனைவி.

வித்வான் பதறினார். "ஏம்மா, அப்போ உறை?"

"உறையா? நம்ம கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவுல இருக்கிற இடத்தை நேத்தே அளந்துட்டேன். சின்னப் பெட்டி ரெண்டும் அதுல கச்சிதமா உக்காந்துடும்ங்க. அதான் வேணாம்னேன்."