லேசா இழுத்தாலே

தூண்டில் கடைக்காரர் ரீலை வாங்கிப் பார்த்தார். கெண்டை மீனுக்கான ரீல் அது. மீன் நூலை இழுத்தால் கிர்ரென்று சத்தம் போடும்.

“போன மாசம்தானே சார் சர்வீஸ் பண்ணிக் கொடுத்தேன்?”

“இன்னும் லூஸ் பண்ணணும். லேசா இழுத்தாலே சத்தம் வரணும்.”

“மூணாவது தடவையா லூஸ் பண்றேன். உங்க கெண்டை என்ன, பட்டினி கிடக்குதா?”

வந்தவர் சிரித்துவைத்தார்.

கடைக்காரர் மூடியைக் கழற்றினார். உள்ளே சேறு இல்லை, பாசி இல்லை. கைப்பிடியில் மட்டும் மாவு அப்பியிருந்தது.

“மாவு உருண்டைதான் இரையா? அதுக்குக் கெண்டை ஓடி வருமே! எந்த ஏரி சார்?”

“ஏரி இல்லைங்க, சமையக்கட்டு.”

கடைக்காரர் நிமிர்ந்தார்.

“ரீலை அடுப்புப் பக்கத்துல மாட்டியிருக்கேன். நூலோட அந்த முனை உள் ரூம்ல, என் சம்சாரம் விரல்ல. அவளுக்குப் பேச்சு நின்னுபோச்சு. ஏதாவது வேணும்னா இழுப்பா. நான் கரண்டியைப் போட்டுட்டு ஓடுவேன்.”

திருகின் மேலிருந்த கை அப்படியே நின்றது.

“போன மாசமே காத்தடிச்சா சுத்துற மாதிரிதானே சார் வெச்சுக் கொடுத்தேன்?”

“ஆமாங்க. போன மாசம் அவ விரல்ல இன்னும் கொஞ்சம் தெம்பு இருந்துச்சு.”