பெயரில்லாத டப்பா

டாக்டரம்மா அந்த டப்பாவைக் கையால் தொடவில்லை. பேனாவால் தள்ளித் தள்ளித் திருப்பிப் பார்த்தார்.

பெயர் இல்லை. கம்பெனி இல்லை. தேதி இல்லை. வெள்ளை டப்பா, ரோஸ் மூடி, அவ்வளவுதான்.

உமாதேவிக்கு வெட்கமாக இருந்தது. முகத்தில் மங்கு என்று சொல்லிக்கொண்டு தேனி வரை பஸ் ஏறி வந்தது தெரிந்தாலே ஊரில் சிரிப்பார்கள். பீட்ரூட் காட்டில் களை எடுக்கிறவளுக்கு மூஞ்சி ஒரு கேடா என்பார்கள். வெயிலில் குனிந்து நிமிர்ந்தே இரண்டு கன்னத்திலும் கறுப்பு படர்ந்துவிட்டதே என்று அவர்களா கண்ணாடி பார்த்து அழுகிறார்கள்?

ஏலக்காய் எடுக்க மலைக்கு ஜீப்பில் போகும் அய்யம்மாள்தான் இந்தக் கிரீமை வாங்கிவந்து கொடுத்தாள். என்ன மாயமோ, பூசப் பூச மங்கு மறைந்தது. முகம் பளபளவென்று ஆனது. நிறுத்திப் பார்த்தாள், முன்னைவிடக் கறுத்தது. மறுபடியும் பூசினாள்.

இப்போது காலையில் எழுந்தால் கண் இமை இரண்டும் வீங்கிக் கிடக்கிறது. அதற்குப் பயந்துதான் வந்தாள்.

“இதுல பாதரசம் இருக்கும்போலத் தெரியுதும்மா. மங்கும் போகும், கூடவே கிட்னியும் போகும். பால் குடுக்கிறவங்க பூசினா பிள்ளைக்கும் போய்ச் சேரும். வேற யாருக்காவது குடுத்தீங்களா?”

உமாதேவி இல்லை என்று தலையாட்டினாள். ஏன் அப்படி ஆட்டினாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

அதற்கப்புறம் டாக்டரம்மா சொன்னது எதுவும் உருப்படியாக மண்டையில் ஏறவில்லை. வெயிலில் இறங்கும் முன்னால் பூச ஒரு களிம்பு. தலைக்கு அகலமான தொப்பி. மங்கு முழுசாகப் போகாது, மெல்ல மெல்ல வெளிறும், அவசரப்படக் கூடாது. யூரின் டெஸ்டுக்கு ஒரு சின்னப் பிளாஸ்டிக் புட்டி.

எல்லாவற்றுக்கும் சரிங்க, சரிங்க என்றாள்.

கொடுத்திருந்தாள். தங்கை ஹேமாவதிக்கு.

தாய் இல்லாத வீடு. ஹேமாவின் பிரசவத்தை உமாதேவிதான் தன் வீட்டில் வைத்துப் பார்த்தாள். வயிற்றில் பிள்ளை தங்கியதிலிருந்தே அவளுக்கும் கன்னத்தில் மங்கு. மூன்றாம் மாதம் தாயையும் பிள்ளையையும் மார்க்கையன்கோட்டைக்குக் கொண்டுபோய் விடுகிற அன்று, புது டப்பா ஒன்றைச் சாமான்களோடு செருகி வைத்தாள்.

கூட்டிப்போக வந்திருந்த தங்கையின் மாமியார் பக்கத்திலேயே நின்றார். அவர் காதுபட மருமகள் முகத்து மங்கைப் பற்றிப் பேசுவானேன்? எதற்கென்று சொல்லவில்லை. சொல்லித்தான் தெரிய வேண்டுமா என்ன.

அந்தப் பிள்ளைக்கு இன்னும் தாய்ப்பால் மட்டும்தான்.

மருத்துவமனைப் படிக்கட்டிலேயே உட்கார்ந்து தங்கைக்குப் போன் போட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. எடுக்கவில்லை.

மறுபடியும் மறுபடியும் போட்டாள். எடுக்கவில்லை.

பிள்ளைக்கு ஏதோ ஆகிவிட்டது. தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பார்கள். அதனால்தான் எடுக்கவில்லை. மனது இப்படியே அடித்துச் சொல்லியது. ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் அவளை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு விலகிப் போனார்கள்.

வீரபாண்டி மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுக்கிறேன் என்று நேர்ந்துகொண்டாள். என் உடம்பு என்ன ஆனாலும் ஆகட்டும், அந்தப் பச்சை மண்ணை விட்டுவிடு தாயே என்றாள். வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

போன் அடித்தது. ஹேமாதான்.

“என்னக்கா, இத்தன தடவை கூப்புட்டுருக்க? பிள்ளையக் குளுப்பாட்டிக்கிட்டு இருந்தேன்.”

“ஏடி, அன்னைக்கு ரோஸ் மூடி போட்ட டப்பா ஒண்ணு வச்சு விட்டேன்ல. அத மூஞ்சில பூசுறியா? மறைக்காமச் சொல்லு.”

“என் மூஞ்சிலயா? ஒரு நாள்கூடப் பூசலயேக்கா.”

உமாதேவிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மாரியம்மா, கேட்டுவிட்டாய். படிக்கட்டு என்றும் பாராமல் அழுதாள். அழுதுகொண்டே சிரிப்பும் வந்தது. அந்தச் சோம்பேறிக் கழுதை எதைத்தான் ஒழுங்காகப் பூசியிருக்கிறாள்? குளிக்கும்போது மஞ்சள் பூசவே சோம்பல்படுகிறவள். அந்தச் சோம்பேறித்தனம் நூறு வருசம் நல்லாயிருக்கட்டும்.

ஹேமாவும் அந்தப் பக்கம் சிரித்தாள்.

“நான் எப்பிடிக்கா பூசுவேன்? பிள்ளைப் பையிலதான வச்சு விட்ட, பவுடரு, வசம்பு வளையலோட. தெனமும் குளுப்பாட்டுனதும் உடம்பு பூராவும் தேச்சு விடுறேன். கறுப்பு, கறுப்புன்னு சொல்லிக்கிட்டே திரிஞ்ச எங்க அத்தையே அசந்து போனாக. அம்புட்டு வெளுத்துட்டா.”

உமாதேவி படிக்கட்டிலிருந்து எழுந்துவிட்டாள்.

“கேக்குதாக்கா? இன்னைக்கு வழிச்சுத் தேச்சதோட டப்பா தீந்துபோச்சு. வாறப்ப இன்னொண்ணு வாங்கிட்டு வா.”