மொட்டை மரத்துப் பறவை

“அப்படியே இடது பக்கம் திரும்புங்க சார்.”

திரும்பினேன். வனத்துறை ஆபீஸ் சுவரோரம் என்னை நிற்கவைத்து நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என்று ரேஞ்சர் போட்டோ எடுத்தார். தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டேன். அபூர்வப் பறவையைப் பார்த்தவனுக்கு என்னே மரியாதை!

“பேரு, அப்பா பேரு, விலாசம்?”

“ரிஜிஸ்டர்ல ஏத்துவீங்களா சார்?”

“கண்டிப்பா ஏத்துவோம்.”

எனக்கு வாயெல்லாம் பல்.

இருபது வருஷமாக பைனாகுலரும் கழுத்துமாக மலை மலையாக அலைகிறேன். நீலக் கழுத்துப் பறவை எனக்கு வாலைக்கூடக் காட்டியதில்லை. போன மாசம் முதல்முறையாகக் கேமராவைத் தொட்ட என் மச்சான், மனைவியின் அண்ணன்தான், இந்த மலைக்கு வந்து ஒரே நாளில் அதைப் படம் பிடித்துவிட்டார். கதவளவுக்குப் பெரிதாக்கி ஹாலில் மாட்டியும் விட்டார்.

“எங்கண்ணனுக்கு ஒரு நாள் போதும். உங்களுக்கு இருபது வருஷம் பத்தலை” என்று இவள் சொல்லாத நாளில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை. பார்க்காமல் வீடு திரும்புவதில்லை என்று கிளம்பிவிட்டேன்.

எந்த இடம் என்று மச்சானைக் கேட்டால், “வேண்டாம் மாப்பிள்ளை, அந்தப் பக்கமே போகாதீங்க” என்று மழுப்பினார். பொறாமை பிடித்த மனுஷன்! ஆனால் அவர் படத்தில் பறவைக்குப் பின்னால் ஒரு இரட்டைப் பாறை தெரிந்ததே. விடுவேனா?

செக்போஸ்ட் காவலர் காலையிலேயே எச்சரித்தார். “பறவை திருடுறவங்க நடமாட்டம் இருக்கு சார். கயிறு கட்டின இடத்தைத் தாண்டிடாதீங்க.”

திருடனுக்குச் சொல்ல வேண்டியதை என்னிடம் ஏன் சொல்கிறார் என்று தலையை ஆட்டிவைத்தேன். இரட்டைப் பாறை கயிற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தது. முழங்கால் முட்டி ஐயோ என்றது, தாண்டிவிட்டேன்.

அதே மொட்டை மரம், அதே கிளை, அதே பறவை! தூறலில்கூட ஓர் இறகைச் சிலுப்பாமல் இடிச்ச புளி மாதிரி உட்கார்ந்திருந்தது. நாற்பது படம் எடுத்தேன். சத்தியமாக அழுதுவிட்டேன்.

உடனே புதருக்குள்ளிருந்து இரண்டு காவலர்கள் வந்து ஆளுக்கொரு முழங்கையைப் பிடித்துக்கொண்டார்கள். வயசானவன் வழுக்கி விழாமல் எவ்வளவு பத்திரமாகக் கூட்டிப்போகிறார்கள் என்று வழியெல்லாம் உருகிக்கொண்டே வந்தேன்.

ரேஞ்சர் கேமராவை வாங்கி மேஜை டிராயரில் வைத்தார். “நீங்க யாருன்னு சொல்ற மாதிரி ஒருத்தருக்குப் போன் போடுங்க சார். ஸ்பீக்கர்ல போடுங்க.”

சர்டிபிகேட்டுக்குச் சாட்சி வேண்டுமாக்கும். யாரைக் கூப்பிடுவது என்று யோசிக்கவே இல்லை. ஒரு மாசத்து வயிற்றெரிச்சல், சும்மா விடுமா?

“மச்சான்! பார்த்துட்டேன்! அதே மரம், அதே கிளை, அச்சு அசல் உங்க பறவையேதான்! இங்க ரேஞ்சர் ஆபீஸ்ல உட்காரவெச்சு போட்டோ எல்லாம் எடுக்கறாங்க. உங்களுக்கு இந்த மரியாதை கிடைச்சுதா?”

சிக்னல் போய்விட்டதோ என்று போனைத் தட்டினேன். பிறகு மச்சானின் குரல் ரகசியம் பேசுவதுபோலக் கம்மலாக வந்தது.

“அது திருடனைப் பிடிக்க வெச்ச பொம்மைன்னு இன்னும் சொல்லலையா மாப்பிள்ளை?”