அரை மில்லிமீற்றர்

"இண்டைக்கு அந்தப் படிச்ச மனுசனை நாலு பேருக்கு முன்னால நிக்க வைச்சுக் கேக்கிறன்."

ஸ்ரீஸ்கந்தராஜா பையைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டார்.

"அப்பா, நாளைக்கு மட்ச். சண்டை பிடிக்காமல் மாத்திக்கொண்டு மட்டும் வாங்கோ," என்றாள் மகள் தக்ஷிகா.

தக்ஷிகா இலக்குச் சுடும் போட்டிக்காரி. நாளைக்குத்தான் முதல் தடவையாகக் கவுண்டி அணிக்குச் சுடப் போகிறாள். துவக்கின் பின்னால் ஒரு டியூப் இருக்கும். தோளில் முட்டுக் கொடுக்கிற பின்கட்டையை அதன் மேலால்தான் செருக வேண்டும். புதிதாக வாங்கிய கட்டை முதல் வாரம் கச்சிதமாக இருந்தது. இப்போது விழப்போகிற பல்லுப் போல ஆடுகிறது.

அந்த டியூப்புகள் இரண்டு அளவில் வரும். ஒன்று 29.2 மில்லிமீற்றர், மற்றது 29.7. சிறியதற்குச் செய்த கட்டை பெரியதில் ஏறாது. பெரியதற்குச் செய்தது சிறியதில் ஆடும்.

டியூப்பை அளந்தது ஸ்ரீஸ்கந்தராஜாதான். லண்டன் பட்டறையில் இருபத்தெட்டு வருசம் கடைசல் மெசினில் நின்ற கை. சரஸ்வதி பூசைக்குத் துவக்கைச் சாமித்தட்டில் வைக்கச் சட்டம் விடாது என்று, மகள் டியூப்பை மட்டும் கழற்றிக் கொடுத்திருந்தாள். சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, பூசை முடிந்த கையோடு அங்கேயே அளந்து சீட்டில் எழுதினார். மகள்தான் சீட்டைக் கடைக்குக் கொண்டுபோனாள்.

கிழக்கு லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் இருக்கிற அந்தத் துவக்குச் சாமான் கடை தவராசாவுடையது. ஸ்ரீஸ்கந்தராஜாவின் மனைவியுடைய தங்கச்சி புருசன். பதினாறு வருசத்துக்கு முதல் ஒரு கலியாண மண்டபத்தில், மேடைப் பலகை பொருந்தவில்லை என்று இவர் அளக்கக் குனிந்தபோது, "எட்டாம் வகுப்போட நிண்ட அண்ணைக்கு அளவெல்லாம் விளங்குமோ?" என்று சொன்ன மனுசன். சபையே சிரித்தது. அன்றைக்குப் பிறகு ஸ்ரீஸ்கந்தராஜா அந்தக் கடை வாசல் மிதித்ததில்லை.

இன்றைக்கு மிதித்தார்.

கடையில் ஐந்தாறு பேர் நின்றார்கள். நல்லதாய்ப் போயிற்று.

"என்ன காணும் தவராசா, யூனிவேசிற்றியில உமக்கு அளவு படிப்பிக்கேல்லையோ?"

தவராசா நிமிர்ந்து பார்த்தார். "வாங்கோ அண்ணை. என்ன பிரச்சினை?"

"நான் ஒரு அளவு எழுதித் தர, நீர் வேற அளவு குடுத்திருக்கிறீர். பிடிச்சுப் பாரும், கிடந்து ஆடுது."

கட்டை செருகியிருந்த டியூப்பைத் தவராசா வாங்கி ஒருதரம் ஆட்டிப் பார்த்தார். பின் மேசைக்குக் கொண்டுபோய்க் கட்டையை இழுத்துக் கழற்றினார். டியூப்பை விரலால் தடவிப் பார்த்தார். பக்கத்தில் நின்ற கடைக்காரப் பெண் மேரிசாந்தி எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணை, இதில..." என்று தொடங்கினாள்.

"நீர் கல்லாவைப் பாரும் பிள்ளை."

டியூப்பைத் துணியால் நன்றாகத் துடைத்தார். புதுக் கட்டை ஒன்றை எடுத்துச் செருகினார். அசையவில்லை. பிறகு எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்.

"பிழை என்னிலதான் அண்ணை. பெட்டியை மாத்தி எடுத்துக் குடுத்திட்டன்."

"நான் எழுதினது?"

"நீங்கள் எழுதினதில பிழை வருமோ?"

"அப்ப எட்டாம் வகுப்புக்கு அளவு விளங்கும்."

"ஓம் அண்ணை, விளங்கும்."

பதினாறு வருசத்துச் சுமை அந்த ஒரு சொல்லில் இறங்கிப் போயிற்று. ஸ்ரீஸ்கந்தராஜா சுற்றி நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். எல்லாருக்கும் கேட்டிருந்தது.

வெளிக்கிடும்போது தவராசா சின்னக் கடதாசி மடிப்பொன்றைப் பைக்குள் வைத்தார். "சாமிச் சாமான் அண்ணை. குப்பையில போடக்கூடாது."

கடைச் சாமிப் படத்து விபூதியாக்கும் என்று ஸ்ரீஸ்கந்தராஜா நினைத்தார். 'இப்ப விபூதி தந்து சமாளிக்கிறாராம்.'

பஸ்ஸில் வரும்போதே மூன்று பேருக்கு ஃபோன் எடுத்துச் சொல்லி முடித்துவிட்டார்.

வீட்டில் தக்ஷிகா கட்டையைப் பிடித்து ஆட்டிப் பார்த்துச் சிரித்தாள். "சூப்பர் அப்பா. கல்லு மாதிரி நிக்குது."

"பின்ன? அப்பான்ர அளவு."

அவள் புதுக் கட்டை வந்த பெட்டியைத் திருப்பிப் பார்த்தாள். "ஆனால் இதில 29.2 எண்டு இருக்கு. நீங்கள் 29.7 எண்டெல்லோ எழுதித் தந்தனீங்கள்?"

"பெட்டியில பிழையா அடிச்சிருப்பாங்கள்."

சொல்லிக்கொண்டே விபூதி பூசுவோம் என்று மடிப்பைப் பிரித்தார்.

உள்ளே விபூதி இல்லை. காய்ந்த சந்தனம். டியூப்பின் வளைவு மாறாமல் செதில் செதிலாக உரிந்து, பாதி மாவாகிக் கிடந்தது. அவர் பூசிய சந்தனம். துடைக்காதே, தானாய் உதிரட்டும் என்று மகளுக்குச் சொன்னதும் அவர்தான். அதற்கு மேலால் வைத்து அளந்ததும் அவர்தான்.

சந்தனத்தை மடித்திருந்த கடதாசியைத் திருப்பினார். அவர் எழுதிக் கொடுத்த அதே சீட்டு. அவருடைய கையெழுத்தில் பெரிதாக: 29.7.

கடையில் அவருக்கு எதிராக இருந்த சாட்சி அது ஒன்றுதான்.

"என்னப்பா அது?"

ஸ்ரீஸ்கந்தராஜா ஒரு துளி தண்ணீர் விட்டுச் சந்தனத்தைக் குழைத்தார். நெற்றியில் வைத்துக்கொண்டார்.

"பிள்ளை, நாளைக்கு மட்ச் பாக்கச் சித்தப்பாவையும் வரச்சொல்லு. இண்டைக்குக் கடையில நிண்ட அவ்வளவு பேரையும் கூட்டிக்கொண்டு வரச்சொல்லு. அவையளுக்கு முன்னால நான் ஒரு அளவைத் திருத்திச் சொல்லவேணும்."