கீரனூருக்கு மட்டும்

"இன்னும் கொஞ்சம் சத்தமா வேணும் தாயி," என்றார் மலையாண்டி. இது நான்காவது முறை.

காலை எட்டு மணி. அவர் மனைவி சொர்ணவல்லி விடியற்காலையில் இறந்துபோயிருந்தார். கறம்பக்குடிக் கடைத்தெருவில் இருக்கும் என் ரெக்கார்டிங் கடையில், அந்தச் சாவு அறிவிப்பை என் குரலில் பதிவு செய்துவிட்டு இருவரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

இந்த வட்டாரத்தில் சாவு அறிவிப்பு என்றால் என் குரல்தான். ஆட்டோவின் தலையில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டி ஊர் ஊராக ஓட்டுவார்கள். போனில் நான் ஹலோ என்றாலே, யாருக்கு என்னாச்சு என்று பதறுகிற சொந்தக்காரர்கள் எனக்கு உண்டு. கல்யாண வீடுகளில் பேசாமல் சாப்பிட்டுவிட்டுப் போ என்பார்கள்.

சத்தம் போதாது என்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. இருக்கும்போது ஒரு வாய் தண்ணீர் கொடுக்காதவர்கள்தான் ஊரே அதிர வேண்டும் என்பார்கள். இவரையும் அந்தக் கணக்கில்தான் சேர்த்திருந்தேன்.

சும்மா வால்யூமை ஏற்றினால் குழாயில் கரகரவென்று அடிக்கும், ஒரு வார்த்தை விளங்காது என்று சொன்னேன்.

"விளங்கணும் தாயி. பேரு ஊரு அம்புட்டும் விளங்கணும்."

மறுபடி உட்கார்ந்தேன். குரலின் அடிக்கனத்தைக் குறைத்தேன். குழாய்க்கு அது ஆகாது. திரையில் மேடாக நின்ற இடங்களைத் தட்டி, பள்ளமாக இருந்த இடங்களைத் தூக்கி, வயலுக்குப் பரம்படிக்கிற மாதிரி எல்லாவற்றையும் ஒரு மட்டத்துக்குக் கொண்டுவந்தேன். அதன் பிறகுதான் மொத்தத்தையும் உயர்த்தினேன். சத்தம் கூடியது, பிசிறு இல்லை.

அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

ஆட்டோ எந்தெந்த ஊருக்குப் போக வேண்டும் என்று கேட்டேன். பக்கத்து ஊர்களாக ஒன்பது சொன்னார். கடைசியாகக் குரலை இறக்கி, கீரனூர் என்றார்.

கீரனூர் புதுக்கோட்டையையும் தாண்டி, திருச்சி ரோட்டில் இருக்கிறது. கறம்பக்குடிப் பக்கத்துச் சாவை அங்கே யாரும் அறிவிப்பதில்லை.

அங்கே யாருங்கய்யா என்றேன்.

"மக."

அறிவிப்பை எழுதிக் கொடுத்தது அவர் மகன் சேரன். அந்தத் தாளைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். அதில் மகள் என்ற சொல்லே இல்லை.

பெயர் அன்புமொழி. மூன்று வருஷத்துக்கு முன்னால், வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு போனவள். இன்று காலை, அம்மாவின் உடம்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சேரன் அப்பாவிடம் வாக்கு வாங்கியிருக்கிறான். அவளுக்கு ஆள் அனுப்பிச் சாவுக் கேதம் சொல்லக் கூடாது. போனும் பண்ணக் கூடாது. கேதம் சொல்லிவிட்டால் அவளை மகள் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும்.

"ஆட்டோ போகக் கூடாதுன்னு அவன் சொல்லல தாயி," என்றார்.

நாலு மணிக்கு எடுக்கிறார்கள். பதினோரு மணிக்குள்ளாவது அவளுக்குச் செய்தி தெரிந்தால்தான், பஸ் மாறி வந்து அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியும். சற்று முன்னால் அவரைப் பற்றி நினைத்ததற்கு வெட்கமாக இருந்தது.

கீரனூர் மைக்செட்காரர் அடைக்கலத்தை எனக்குத் தெரியும். வாட்ஸப்பில் அனுப்பினால் பத்து நிமிஷத்தில் ஆட்டோவைக் கிளப்பிவிடுவார். தெரு எது என்று கேட்டேன்.

சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டை ஒன்றை எடுத்து நீட்டினார். அதன் பின்பக்கம், சொர்ணவல்லியின் கையெழுத்தில் தெருவும் கதவு எண்ணும் இருந்தன. போன மாதம் அந்த அம்மா ஆஸ்பத்திரிக்கு என்று சொல்லிவிட்டுக் கிளம்பி, மகளைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். அது இவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

நான் மைக்கை இழுத்து, கீரனூருக்கு மட்டும் ஒரு வரியை மாற்றிப் படித்தேன்.

"மலையாண்டி அவர்களின் மனைவியும், சேரன், அன்புமொழி ஆகியோரின் தாயாருமாகிய சொர்ணவல்லி அவர்கள்..."

அவர் தடுக்கவில்லை. அந்தப் பெயர் வந்த இடத்தில் மட்டும் அவர் உதடும் அசைந்தது. மூன்று வருஷமாக அந்த வீட்டில் யாரும் அதைச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அவள் வீட்டு வாசலிலேயே வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு, மூன்று தடவை போடச் சொல்கிறேன் என்றேன்.

"அவ வெளிய வர்ற வரைக்கும் போடச் சொல்லு தாயி. சத்தமும் இன்னுங் கொஞ்சம் வையி."

எனக்குச் சட்டென்று எரிச்சல் வந்துவிட்டது. இதற்கு மேல் என்ன வேண்டும், காதுள்ள யாருக்கும் இது கேட்கும் என்று சொல்லிவிட்டேன்.

சொல்லியிருக்கக் கூடாது.

மலையாண்டி தன் வலது உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவளுக்கு ஒரு காது சுத்தமாப் போயிருச்சாம். அவ ஆத்தாதான் பாத்துட்டு வந்து சொன்னா. கெளம்பிப் போன அன்னைக்கு நான் அடிச்சதுல தாயி."

நான் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டு இன்னும் ஒரு புள்ளி ஏற்றினேன். அதற்கு மேல் இடமில்லை.